எண்ணிக்கை தப்புது, சிஸ்டர்

கல்லீரல் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு நாலு வார்த்தை எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். நான் எதையும் நாலு வார்த்தையில் சொல்லி முடித்ததாகச் சரித்திரமே இல்லை. முப்பத்து நாலு வருடம் நர்ஸ் வேலை பார்த்தேன். அதில் கடைசிப் பன்னிரண்டு வருடம், நீங்கள் இப்போது நிற்கிற அதே அறையில். ஊசி போடுவதும் ட்ரிப் ஏற்றுவதும் உங்களுக்கு என்னைவிட நன்றாகவே சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அதனால் நான் செய்த ஒரு தப்பை மட்டும் சொல்கிறேன். அதே தப்பை நீங்களும் செய்வீர்கள், தப்பிக்கவே முடியாது. செய்யும்போதாவது என் ஞாபகம் வந்தால் சரி.

முதலில் அந்த எழுத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். நம் பிரிவில் ஒவ்வொரு ஃபைலின் வலது மூலையிலும் சிவப்பு மையில் ஏ, பி, சி என்று ஏதாவது ஓர் எழுத்து இருக்கும். ரத்தப் பரிசோதனை, வயிற்றில் சேர்ந்த நீர், மூளைத் தெளிவு எல்லாவற்றுக்கும் மார்க் போட்டுக் கூட்டி, கல்லீரல் எவ்வளவு கெட்டிருக்கிறது என்று சொல்லும் எழுத்து அது. ஏ என்றால் சமாளித்துக்கொண்டிருக்கிறது. சி என்றால் தள்ளாடுகிறது. புதன்கிழமை ஓபியில் அறுபது எழுபது பேர் உட்கார்ந்திருக்கும்போது அந்த எழுத்து நமக்குப் பெரிய உதவி. சி வந்தால் உட்கார வைத்துப் பேசுவோம். ஏ வந்தால் மாத்திரைச் சீட்டு, அடுத்த தேதி, "நல்லாயிருக்கீங்க, போயிட்டு வாங்க". இரண்டு நிமிடம்தான். கூட்டம் அதிகமான நாட்களில் ஆளின் பெயரைக்கூடச் சொல்ல மாட்டோம். "அந்த சி-யை உள்ள அனுப்பு" என்று நானே கத்தியிருக்கிறேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

எங்கள் பெரிய டாக்டருக்கு இதெல்லாம் பிடிக்காது. அவருக்கு ஒரு பழக்கம் இருந்தது. ஃபைலைத் திறப்பதற்கு முன்னால் நோயாளியைப் பார்த்து, "நேத்து காலையில எந்திரிச்சதுலேர்ந்து படுக்கிற வரைக்கும் என்னென்ன பண்ணீங்க? சொல்லுங்க, கேட்போம்" என்பார். அவர்களும் கதை கதையாகச் சொல்வார்கள். நானும் மற்ற நர்ஸ்களும் பின்னால் நின்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்போம். டாக்டருக்கு வீட்டில் பேச ஆள் இல்லை போலிருக்கிறது என்று எங்களுக்குள் கிண்டல் வேறு. ஏ எழுத்துக்காரப் பெண் ஒருத்தி, உள்ளங்கை அரிப்பில் ஒரு முழம் பூக்கூடக் கட்ட முடியவில்லை என்று அழுதது அந்தக் கேள்விக்குத்தான். சி எழுத்துக்கார ஆத்தூர் மனிதர் ஒருவர், அணையில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்று பார்த்துவிட்டு, டீக்கடையில் அரை மணி நேரம் அரசியல் பேசியதை உற்சாகமாகச் சொன்னதும் அதே கேள்விக்குத்தான்.

பொதுவாக எழுத்து கீழே இறங்க இறங்க வாழ்க்கையும் சுருங்கும். அது உண்மை. சோறு ருசிக்காது, தூக்கம் தப்பும், வேலைக்குப் போக முடியாது, விசேஷ வீடுகளுக்குப் போவது நின்றுவிடும். ஆனால் யாருக்கு எது முதலில் போகும் என்பதை அந்த எழுத்து சொல்லாது. பெரிய டாக்டர் ஓய்வு பெற்றுப் போனார். அவரோடு அந்தக் கேள்வியும் போய்விட்டது. கூட்டம் ஏறிக்கொண்டே போனதால் அதை யாரும் தேடவும் இல்லை. நானும்தான்.

இனிமேல் காளிமுத்துவின் கதை.

தாடிக்கொம்பு ரோட்டில் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருந்தார் காளிமுத்து. வயது ஐம்பத்திரண்டு. ரெட்டியார்சத்திரத்திலிருந்து ஆத்தூர் வரைக்கும் தோட்டத்துக் கிணறுகளில் எரிந்துபோகும் மோட்டார்கள் அவரிடம்தான் வரும். கரண்ட் ஏறி இறங்கும் கோடையில் கடை வாசலில் கருகிய மோட்டார்கள் வரிசையாகக் கிடக்கும். செம்புக் கம்பியை இத்தனை சுற்று என்று எண்ணி எண்ணிச் சுற்ற வேண்டும். நாலு சுற்று கூடக் குறைய ஆனால் மோட்டார் மறுபடியும் சூடேறிப் புகைந்துவிடும். அவர் சுற்றிய மோட்டார் ஐந்து வருடம் ஓடும் என்று பேர்.

முதலில் வந்தபோது அவர் சி. குடியால் வந்தது. வயிறு நிறைய நீர், மஞ்சள் கண்கள், ஒரு தடவை மூளையே குழம்பிப் பெண்டாட்டியை யாரென்று கேட்டார். அவர் மனைவி பாண்டியம்மாள் அன்றைக்கு வார்டில் எல்லோருக்கும் கேட்கும்படி ஒரு சபதம் போட்டாள். "இனிமே ஒரு சொட்டு தொட்டீகன்னா, பிள்ளையக் கூட்டிக்கிட்டு எங்கண்ணன் வீட்டுக்குப் போயிருவேன். ஒங்க மூஞ்சியிலயே முழிக்க மாட்டேன்." மனுஷன் நிறுத்திவிட்டார். நாலு வருடம், ஒரு சொட்டு இல்லை. சி பி ஆனது, பி ஏ ஆனது. எனக்கு அதில் பெருமை தாங்காது. புதிதாக வரும் குடிகாரர்களிடம் அவரைக் காட்டி, "இவரைப் பாருங்க" என்பேன்.

அவருக்குத் தினமும் ஒரு சிரப் உண்டு. கல்லீரல் வடிகட்ட முடியாத கழிவு மூளைக்கு ஏறாமல் வயிற்று வழியாக வெளியே தள்ளுகிற மருந்து. அது ஒழுங்காக வேலை செய்தால் ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தடவை வெளியே போக வேண்டியிருக்கும். சீட்டில் எழுதுவதற்கு நமக்கு ஒரு வரிதான்.

அந்தப் புதன்கிழமை இருவரும் வந்தார்கள். மகளுக்கு ஒட்டன்சத்திரம் பக்கம் மாப்பிள்ளை அமைந்திருக்கிறது, மூன்று வாரத்தில் நிச்சயம் என்று பாண்டியம்மாள் வாய் நிறையச் சொன்னாள். பிறகு குரலை இறக்கினாள்.

"சிஸ்டர், இவரு முன்ன மாதிரி இல்ல. பகல்ல கடையிலயே சொக்கிச் சொக்கி விழுறாரு. ராத்திரி கொட்டக் கொட்ட முழிச்சுக்கிட்டுக் கெடக்காரு."

"ஏ-க்கு வந்துட்டாரும்மா. சந்தோஷப்படுங்க" என்றேன்.

காளிமுத்து மெதுவாக, "எண்ணிக்கை தப்புது, சிஸ்டர்" என்றார்.

"என்ன எண்ணிக்கை?"

"வைண்டிங்ல. நாப்பது வரைக்கும் போறேன், அப்புறம் எங்க விட்டோம்னு தெரியல. மறுபடி பிரிச்சுச் சுத்துறேன். போன வாரம் ஒரே மோட்டார மூணு தடவ பிரிச்சேன்."

நான் சிரித்தேன். "வயசாகுதுல்ல அண்ணே. மூக்குக்கண்ணாடிய மாத்திப் பாருங்க. சிரப் குடிக்கிறீங்களா?"

"குடிக்கிறேன்."

"நல்லது. அடுத்த மாசம் வாங்க."

இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது. பிள்ளைகளே, கவனித்தீர்களா? தன் நோய் எங்கே வந்து நிற்கிறது என்று அந்த மனிதர் தன் தொழிலை வைத்தே சரியாகச் சொல்லிவிட்டார். நான்தான் மூக்குக்கண்ணாடிக்கு அனுப்பினேன்.

நிச்சயத்தன்று காலை பத்து மணி இருக்கும். நம் டாக்டர் மதுரையில் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தார். உங்கள் பிரிவு நோயாளி ஒருவர் வந்திருக்கிறார் என்று அவசர சிகிச்சைப் பிரிவிலிருந்து ஆள் வந்து என்னைக் கூப்பிட்டார்கள். போனால் வராந்தாவே கல்யாண வீடு போலிருந்தது. பட்டுச்சேலைகள், மல்லிகைப்பூ, சந்தனம். மாப்பிள்ளையின் அப்பாவும் அம்மாவும் சுவரோரம் விறைப்பாக நின்றார்கள். உள்ளே கட்டிலில் காளிமுத்து. புது வேட்டி, சட்டையைத் திருப்பிப் போட்டிருந்தார். எழுந்து ஓடப் பார்த்தார். இரண்டு பேர் அழுத்திப் பிடித்திருந்தார்கள். வார்த்தை குழறியது.

மண்டபத்தில் நடந்ததைச் சொன்னார்கள். சம்பந்தி வீட்டார் வந்து இறங்கியதும் வரவேற்க வந்தவர் தள்ளாடினார். மாப்பிள்ளையின் அப்பாவைப் பார்த்து, "மோட்டார் ரெடி ஆகல, நாளைக்கு வாங்க" என்றார். சந்தனக் கிண்ணத்தைத் தட்டிவிட்டார். குடித்துவிட்டு வந்திருக்கிறார் என்று மண்டபமே முடிவு செய்துவிட்டது. பாண்டியம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அழவில்லை, கண் சிவந்திருந்தது.

"வைத்தியம் அப்புறம் பாருங்க சிஸ்டர். குடிச்சிருக்காரா இல்லையான்னு மட்டும் இப்பச் சொல்லுங்க. அது தெரிஞ்சா போதும், நான் என் பிள்ளையக் கூட்டிக்கிட்டுப் போயிருவேன்."

நான் என்ன செய்தேன் தெரியுமா? கதவு திறந்திருக்கிறது, வெளியே சம்பந்தி வீட்டார் நிற்கிறார்கள். நான் எதையும் பார்க்கவில்லை. கோபமும் ஏமாற்றமும் ஒன்றாகத் தலைக்கேறியது. நாலு வருடம் ஊரெல்லாம் காட்டிப் பெருமைப்பட்ட ஆள் என்னையே முட்டாளாக்கிவிட்டார் என்ற ஆத்திரம். "மறுபடியும் ஆரம்பிச்சிட்டீங்களா காளிமுத்து? இன்னைக்குத்தானா கிடைச்சது?" என்று கத்திவிட்டேன். வராந்தாவில் இருந்த எல்லோருக்கும் அது கேட்டது. என் வாயிலிருந்து வந்த பிறகு அது தீர்ப்பு மாதிரி ஆகிவிட்டது.

காளிமுத்து என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் குடிகாரனின் திருட்டுத்தனமோ முரட்டுத்தனமோ எதுவும் இல்லை. தொலைந்துபோன குழந்தை கூட்டத்தில் ஆளைத் தேடுகிற மாதிரி தேடினார். விரல்கள் மட்டும் காற்றில் எதையோ சுற்றிக்கொண்டிருந்தன. உதடு அசைந்தது. குனிந்து கேட்டேன்.

"முப்பத்தெட்டு, முப்பத்தொம்பது, நாப்பது... இருவத்தி ரெண்டு..."

மூன்று வாரத்துக்கு முன்னால் நான் கேட்டுச் சிரித்த வார்த்தை ஞாபகம் வந்தது. எண்ணிக்கை தப்புது, சிஸ்டர்.

"அண்ணே, பஸ்ஸ நிறுத்துறாப்ல கைய நீட்டுங்க" என்றேன். நான் நீட்டிக் காட்டியதும் அவரும் நீட்டினார். மணிக்கட்டு நிற்கவில்லை. விழுந்து விழுந்து எழுந்தது. கழிவு மூளைக்கு ஏறினால் வரும் அந்தக் கையாட்டத்தை ஒரு தடவை பார்த்தால் மறக்க மாட்டீர்கள். முகத்துக்கு நெருங்கி மோந்தேன். சாராய வாடை இல்லை. கல்லீரல் கெட்டவர்களின் மூச்சில் வரும் அந்த அசட்டு இனிப்பு வாடை இருந்தது. சந்தன வாசத்தில் எல்லோருக்கும் அது மறைந்துபோயிருந்தது.

அதற்குள் அவசரப் பிரிவின் இளம் டாக்டர், ஆள் திமிறுகிறாரே என்று தூக்க ஊசிக்குச் சொல்லிவிட்டார். நர்ஸ் மருந்தை எடுத்தும்விட்டாள். அவர்கள்மேல் தப்பு சொல்ல மாட்டேன். வெளியே ஐம்பது பேர் குடி குடி என்கிறார்கள், கல்லீரல் பிரிவின் சீனியர் சிஸ்டரே வந்து அதையே கத்துகிறாள். அவர் வேறென்ன நினைப்பார்? ஆனால் மூளை குழம்பிய கல்லீரல் நோயாளிக்குத் தூக்க ஊசி போட்டால் அவர் சீக்கிரம் எழுந்திருக்க மாட்டார். சில சமயம் எழுந்திருக்கவே மாட்டார்.

நான் ஊசிக்கும் கட்டிலுக்கும் நடுவில் நின்றுகொண்டேன். "டாக்டர், செத்த நேரம் பொறுங்க. இது குடி இல்ல. நான் இப்ப கத்தினது தப்பு. அவர் கையைப் பாருங்க" என்றேன். முதல் பாதியைச் சொல்வது சுலபமாக இருந்தது. நடுவில் வந்த அந்த வாக்கியத்தைச் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. அவ்வளவு பேருக்கு முன்னால் ஒரு தடவை தப்பாகச் சொல்லியாயிற்று, இனி அதையே பிடித்துக்கொண்டு நிற்கலாம் என்று மனது சொல்லும். நம்பாதீர்கள். அந்த நொடியில் உங்கள் கௌரவத்தைக் காப்பாற்றினால் நோயாளி போய்விடுவார்.

இளம் டாக்டர் நல்ல மனுஷன். ஊசியைத் தள்ளி வைக்கச் சொல்லிவிட்டு அவரே கையை நீட்டச் சொல்லிப் பார்த்தார். ரத்தத்தில் சர்க்கரையும், கூடவே சாராயம் இருக்கிறதா என்றும் பார்க்க அனுப்பினார். நான் பாண்டியம்மாளிடம் திரும்பி, "வீட்டுல சிரப் குடிச்சாரா?" என்றேன். அவளுக்குத் தெரியவில்லை. பட்டுச்சேலையோடு மூலையில் நின்ற மகள்தான் சொன்னாள்.

"நாலு நாளா குடிக்கல சிஸ்டர். பாட்டில் அப்படியே இருக்கு. கேட்டதுக்கு, நிச்சயம் முடியட்டும்மான்னாரு."

பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. வயிற்றைச் சுத்தம் செய்தோம், மருந்து கொடுத்தோம். அது உங்களுக்குத் தெரிந்த வேலை. ஆனால் வெளியே நடந்தது எந்தப் பாடத்திலும் வராது.

பாண்டியம்மாளைத் தனியாக அழைத்துப்போய், "அவர் குடிக்கலம்மா. நோய்தான் மூளைக்கு ஏறியிருக்கு. சரியாயிரும்" என்றேன்.

"நெசமாவா?"

"ரத்த ரிப்போர்ட் வரும், நீங்களே பாருங்க. நான் இப்பவே சொல்றேன், குடிக்கல."

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அதுவரை வராத அழுகை அப்போதுதான் வந்தது. "காலையில மண்டபத்துல வச்சு, எல்லாரும் பாக்க, செவுட்டுல ஒன்னு விட்டேன் சிஸ்டர். குடிக்காத மனுசன அடிச்சுட்டேனே."

அடித்தவள் அவள், அதற்குக் கையெழுத்துப் போட்டவள் நான். நானும் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.

பிறகு அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். "இப்ப வெளிய நிக்கிறாகளே, அவுககிட்ட என்ன சொல்ல? கல்லீரல் நோய்ங்கிறத நாங்க மறைச்சுட்டோம். குடிகாரன்னா மானம் போயிரும். நோயாளின்னா கல்யாணம் போயிரும். எதச் சொல்ல?"

என் சுபாவத்துக்கு உடனே எழுந்துபோய் நானே பேசித் தீர்த்திருப்பேன். வாய் வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் ஒருத்தருடைய நோயை இன்னொருவரிடம் சொல்ல நமக்கு உரிமை கிடையாது. அதிலும் அன்று காலை என் வாய் செய்த வேலையே போதும். "அத நீங்களும் பிள்ளையும்தான் முடிவு பண்ணணும்மா. நீங்க கூப்பிட்டா நான் வந்து பக்கத்துல நிக்கிறேன்" என்றேன்.

அவள் மகளைப் பார்த்தாள். மகள், "உள்ளதச் சொல்லும்மா. நாளைக்கு அந்த வீட்டுல அப்பாவப் பத்திப் பேச்சு வந்தா நான் தலை குனிஞ்சுக்கிட்டு நிக்க முடியாது" என்றாள். இருபத்து மூன்று வயதுப் பெண். அந்த நேரத்தில் எங்கள் எல்லாரையும்விடத் தெளிவாக இருந்தவள் அவள்தான்.

பாண்டியம்மாள் வெளியே போய் எல்லாவற்றையும் சொன்னாள். குடித்தது, நிறுத்தியது, நோய், மறைத்தது. பிறகு என்னைக் கூப்பிட்டாள். நான் மாப்பிள்ளையின் அப்பாவிடம், "காலையில நான் சத்தம் போட்டது உங்க காதுல விழுந்திருக்கும். அது என் தப்பு. பரிசோதிக்காம பேசிட்டேன்" என்றேன். அவர் கைத்துண்டை மடித்து மடித்துப் பிரித்தார்.

"இதைய முன்னமே சொல்லிப்போட்டிருக்கலாமுங்களே" என்றார். அவ்வளவுதான். அவர் மனைவி, "நாங்க ஊட்டுக்குப் போய்ப் பேசிப்போட்டு நாளைக்கு வாறோமுங்க" என்றாள். வாங்க என்று சொல்வதைத் தவிர நாங்கள் செய்வதற்கு ஒன்றும் இல்லை. மதியம் ரிப்போர்ட் வந்தது. சாராயம் துளியும் இல்லை. பாண்டியம்மாள் அந்தத் தாளை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை நான் போனபோது காளிமுத்து உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "வாங்க சிஸ்டர். நேத்து ரொம்ப ரகளையாமே" என்றார். நான் கத்தியதற்கு மன்னிப்புக் கேட்டேன். அவருக்கு எதுவுமே ஞாபகம் இல்லை. பெண்டாட்டி அடித்ததும் ஞாபகம் இல்லை. "அதான் இன்னைக்கு விழுந்து விழுந்து கவனிக்கிறாளா?" என்று சிரித்தார். அடுத்த நிமிடமே தட்டை வைத்துவிட்டு, "நிச்சயம் நின்னு போச்சுல்ல?" என்றார். "இன்னைக்கு வர்றோம்னு சொல்லிட்டுப் போயிருக்காங்க அண்ணே" என்றேன்.

அன்றைக்குத்தான் நான் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, பெரிய டாக்டரின் கேள்வியைக் கேட்டேன். "கடை திறந்ததுலேர்ந்து சாத்துற வரைக்கும் என்ன பண்ணுவீங்க அண்ணே? ஒன்னு விடாம சொல்லுங்க."

சொன்னார். ஆறு கடைகளுக்கும் சேர்த்துப் பின்னால் ஒரே கக்கூஸ். அதற்கு ஒரு பூட்டு, சாவி முதல் கடைக்காரரிடம். ஒவ்வொரு தடவையும் போய்க் கேட்க வேண்டும். "என்னண்ணே, மறுபடியுமா?" என்று அங்கே உட்கார்ந்திருப்பவர்கள் சிரிப்பார்கள். கிணற்றடிக்கு மோட்டார் மாட்டப் போனால், பெண்கள் களை எடுக்கிற தோட்டத்தில் எங்கே ஒதுங்குவது? அதனால் சிரப்பைப் பாதியாகக் குறைத்துக்கொண்டார். எட்டு மாதமாகப் பாதிதான். நிச்சயத்தன்று சம்பந்தி முன்னால் பாதியில் எழுந்து ஓடக் கூடாது என்று நாலு நாள் முன்னாலேயே அடியோடு நிறுத்திவிட்டார்.

"குடிகாரன்னு பேரு வாங்கினப்பகூட இம்புட்டுக் கூச்சமா இருந்ததில்ல சிஸ்டர்" என்றார்.

எட்டு மாதம். ஒவ்வொரு மாதமும் சிரப் குடிக்கிறீங்களா என்று கேட்டேன், குடிக்கிறேன் என்றார். நானும் கேட்காமல் விடவில்லை, அவரும் பொய் சொல்லவில்லை. எவ்வளவு குடிக்கிறீர்கள், எங்கே போவீர்கள், சாவி யாரிடம் இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. ஃபைலில் ஏ என்று எழுதிவிட்டுச் சந்தோஷமாக இருந்தோம். அதே காலத்தில் அந்த மனிதருக்குத் தூக்கம் போயிருந்தது, தொழில் போய்க்கொண்டிருந்தது, மகளின் கல்யாணமே போகப் பார்த்தது.

பதினொரு மணி பஸ்ஸில் மாப்பிள்ளையின் அப்பாவும் அம்மாவும் வந்து இறங்கினார்கள். வார்டு வாசலிலேயே நின்று காளிமுத்துவை நன்றாகப் பார்த்தார்கள். அவர் எழுந்து நின்று கும்பிட்டார்.

"நான் மறைச்சது தப்புதாங்க. குடிச்சிருந்தேன், உண்மை. நாலு வருசமா இல்ல. நோய் இருக்கு, அதுவும் உண்மை. இனிமே ஒங்க இஷ்டம்" என்றார்.

பாண்டியம்மாள் ரவிக்கைக்குள்ளிருந்து அந்த ரிப்போர்ட்டை எடுத்து நீட்டினாள். மாப்பிள்ளையின் அம்மா அதை வாங்கவே இல்லை. "காயிதம் எதுக்குங்க? மோட்டார் ரெடியான்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க" என்றாள். ஒரு நொடி யாருக்கும் புரியவில்லை. முதலில் சிரித்தது மகள்தான். ஆஸ்பத்திரியில் தட்டு மாற்றுவது சரியில்லை என்று, அவரை வீட்டுக்கு அனுப்பிய அன்று, வாசலில் இருக்கிற பிள்ளையார் கோயிலில் வைத்து வெற்றிலை பாக்கு மாற்றிக்கொண்டார்கள். நானும் ஒரு வாழைப்பழம் வாங்கிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு சாவி விஷயத்தைத்தான் முதலில் முடித்தோம். முதல் கடைக்காரரிடம் பாண்டியம்மாளே போய்ப் பேசி, இரண்டாவது சாவி ஒன்று செய்து வாங்கினாள். பூட்டுக்குப் பேர்போன நம் ஊரில் ஒரு சாவிக்கு நாலு வருடம் ஆகியிருக்கிறது. சிரப் முழு அளவுக்கு வந்தது. வேளைகளைக் கடை நேரத்துக்குத் தக்கபடி மாற்றி எழுதச் சொல்லி நம் டாக்டரிடம் நான் நின்று வாங்கினேன். ஃபைலில் சிவப்பு எழுத்துக்குக் கீழே பென்சிலால் இன்னொரு வரி எழுத ஆரம்பித்தேன். நேற்றைய நாளில் அவர்களால் எதைச் செய்ய முடியவில்லை என்று, அவர்கள் வாயால் சொன்னபடியே. "பூ கட்ட முடியல." "பேரன தூக்க முடியல." "பந்தியில உக்கார முடியல." காளிமுத்துவின் ஃபைலில் மாதாமாதம் எண்ணிக்கை ஏறியது. நாற்பது, ஐம்பத்தைந்து, எழுபது. ஒரு புதன்கிழமை உள்ளே வரும்போதே, "எண்பத்தி நாலு சிஸ்டர், ஒரே மூச்சுல" என்று கத்திக்கொண்டு வந்தார். அடுத்து உட்கார்ந்திருந்தவர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. நான் எழுந்து கை தட்டினேன்.

இந்த ஒரு வரிக்கு ஒரு ஆளுக்கு மூன்று நிமிடம் கூடுதலாக ஆகும். கூட்டம் முணுமுணுக்கும், டாக்டர் கடிகாரத்தைப் பார்ப்பார். பார்க்கட்டும். எல்லாருக்கும் நோய் திரும்பிப் போய்விடாது, சி ஆனவர்கள் எல்லாரும் ஏ ஆகிவிட மாட்டார்கள். ஆனால் அந்த வரியை எழுதிக்கொண்டால், ஒரு சாவியோ, அரிப்புக்கு ஒரு மருந்தோ, படுக்கப் போகும்முன் ஒரு வாய்ச் சாப்பாடோ, நம்மால் செய்யக்கூடியது ஏதாவது ஒன்று கண்ணில் படும். என் அனுபவத்தில் ஒன்றுமே படாமல் போனது மிகக் குறைவு.

கல்யாணம் ஒட்டன்சத்திரத்தில் நடந்தது. நான் போகாமல் இருப்பேனா? முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். தாலி கட்டக் கொஞ்ச நேரம் இருக்கும்போது மணமேடையில் நின்ற காளிமுத்து திடீரென்று சுற்றும் முற்றும் பார்த்தார். எனக்குப் பகீரென்றது. கையிலிருந்த அட்சதைத் தட்டைப் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்துவிட்டு நேராகச் சம்பந்தியிடம் போனார். கூச்சமே இல்லாமல், மேடையில் இருந்த எல்லோருக்கும் கேட்கும்படி, "சம்பந்தி, நான் செத்த வெளிய போயிட்டு வாரேன்" என்றார்.

"போயிட்டு வாங்க, அவசரமில்லீங்க" என்று சொல்லிக்கொண்டே மாப்பிள்ளையின் அப்பா பட்டுச் சட்டைப் பையில் கைவிட்டு ஒரு சாவியை எடுத்துக் கொடுத்தார். மேடைக்குப் பின்னால் இருந்த கக்கூஸைக் காலையிலேயே பூட்டி, சம்பந்திக்காகவென்று சாவியைத் தன்னிடமே வைத்துக்கொண்டிருந்திருக்கிறார். ஐயரிடம் திரும்பி, "அவரு வரட்டுமுங்க, நேரமிருக்குதில்லீங்க" என்றார். ஐயரும் இன்னொரு மந்திரத்தை நிதானமாக ஆரம்பித்தார்.

காளிமுத்து கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றார். கெட்டிமேளம் கொட்டியது. மகளின் தலைக்கு மேலே அட்சதையோடு வலது கையை முன்னால் நீட்டினார். நான் மணமக்களைப் பார்க்கவில்லை, தொழில்புத்தி, அந்த மணிக்கட்டைத்தான் பார்த்தேன். பஸ்ஸை நிறுத்துகிற மாதிரி நீட்டிய கை, ஒரு தடவைகூட விழவில்லை.